சுட்டியின் காது வில்லை

முத்துப்பேச்சி வளர்த்த சுட்டி என்ற வெள்ளாட்டுக்குக் கால்நடை மருத்துவர் காதில் மாட்டிவிட்ட மஞ்சள் வில்லையைக் கண்டாலே எரிச்சல். "கம்மல் போட்டாலும் அழகு. இது வெறும் நம்பர்," என்று வேலியில் உரசி உரசிப் பார்த்தது. வில்லை கழலவே இல்லை.

ஒருநாள் மேய்ச்சலில் வழி தவறி வேறொரு மந்தையோடு கலந்துவிட்டது. அந்த மந்தையோடு அதையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரி கறி ஆலை வாசலில் நின்றதும் சுட்டி முண்டியடித்து முன்னால் வந்தது. "நான் இந்தக் கூட்டமே இல்லை," என்று தொண்டை வற்றக் கத்தியது.

லாரி மேல் உட்கார்ந்திருந்த காக்கை, "நீ என்ன சொன்னாலும் அவங்களுக்கு 'மே'ன்னுதான் கேக்கும்," என்றது.

வாசலில் ஒரு பெண் ஒவ்வோர் ஆட்டின் காதிலும் கருவியைக் காட்டிக்கொண்டே வந்தாள். சுட்டியிடம் வந்ததும் வில்லை எண்ணுக்குக் கருவியின் திரையில் வந்த விவரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது முத்துப்பேச்சியோட ஆடு. போன வாரம்தான் ஊசி போட்டிருக்காங்க. சினையா வேற இருக்கு. இதை யார் ஏத்தினது? உடனே வீட்டுக்கு அனுப்புங்க."

சாயங்காலம் முத்துப்பேச்சி ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் கால்நடை மருத்துவர் வந்தபோது, சுட்டி கூப்பிடாமலே முன்னால் போய் நின்று மறு காதை நீட்டியது.

"இந்தக் காது சும்மாதான் இருக்கு, டாக்டர்."