பெரட்டுக் களத்தில் நின்ற கார்

கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பூரணி காரின் சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை.

"புதுக் காருப்பா. பேட்டரியா இருக்குமா?"

"பொறும்மா, பார்ப்போம்." முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டிய வீரய்யா நிதானமாக பொனட்டைத் திறந்தார்.

கார் நின்ற பெரட்டுக் களத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் காரைச் சூழ்ந்து, கதவைத் தடவினார்கள்.

"நம்ம வீரய்யா மக. டொக்டரு. சொந்தக் காரு."

கங்காணி பெயர் வாசித்து முடித்ததும் வீரய்யா ஒரு வயரை இறுக்கினார். கார் கிளம்பியது.

"கழண்டிருந்துச்சாப்பா?"

"நீ சாமி கும்பிடுறப்ப நான்தான் கழட்டினேன். தொரை காரு வந்தா நாங்க பாதைய விட்டு எறங்கி நிப்போம். நம்ம காரையாவது எல்லாரும் தொட்டுப் பார்க்கட்டும்னுதான்."