பதினேழாம் எண் டப்பா

மூன்று மாதச் சோதனை முடிந்து, டாக்டர் ரெனாத்தா ரகசியக் கவரைப் பிரித்தார். எடை குறைய பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது அந்தக் கவருக்குத்தான் தெரியும்.

“எல்வீரா, பதினேழாம் எண் டப்பா உங்களுது. அதுலதான் நிஜ மருந்து. ஒம்பது கிலோ குறைஞ்சிருக்கீங்க! உங்க தங்கச்சிக்கு மாவு. ரெண்டு கிலோ ஏறியிருக்கு. ஒரே வீடு, ஒரே பத்தியம். வேற என்ன சாட்சி வேணும்?”

தங்கை ஹசிந்தா அக்காவின் காதோரம் கிசுகிசுத்தாள். “எனக்கு மாவுதான்னு நான் அப்பவே சொல்லல? மாவுக்குப் போய் பத்தியம் எதுக்குன்னுதான் தமால் கொழுக்கட்டையா வெளுத்துக் கட்டினேன்.” பிறகு சத்தமாகவே கேட்டாள். “டாக்டரம்மா, மருந்து கடைக்கு எப்ப வரும்? முதல் டப்பா எனக்குத்தான்!”

எல்வீரா தலை நிமிரவில்லை.

சோதனையின் இரண்டாம் வாரமே அவளுக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. நிஜ மருந்து தனக்குத்தான் என்று நினைத்து, தங்கைமேல் பரிதாபப்பட்டு, யாருக்கும் தெரியாமல் தன் மாத்திரைகளை அவள் டப்பாவிலும் அவளுடையதைத் தன் டப்பாவிலும் மாற்றிப் போட்டுவிட்டாள். மருந்து போய்விட்டதே என்ற பயத்தில் தினமும் சர்ச் குன்றை இரண்டு தடவை ஏறி இறங்கினாள்.

“என் டப்பாவில் இருந்ததை மட்டுமே சாப்பிட்டேன்” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லி, டாக்டர் சிரித்தபடி பேனாவை நீட்டினார்.