குரங்குக்குக் கண் வெட்டவில்லை

ஒரு நாலு வயதுக் குழந்தையின் பெயருக்குப் பேசப்பட்ட விலை: ஒரு ஏசி, பொருத்தும் கூலி உட்பட.

பெயரை வாங்க வந்தவர் தன்சுக்பாய். சூரத் ஜவுளி மார்க்கெட்டில் புடவை மொத்த வியாபாரம். விற்க மறுத்தவர் பாலர் பள்ளி ஆசிரியை உஷ்மாபென்; ஊருக்கே 'பென்', அதாவது அக்கா.

வழக்குக்கான சரக்கு தன்சுக்பாயின் மடியில் உட்கார்ந்திருந்தது. மகள் ஜீல். முன்கையில் ஏழு பல் தடம், முத்திரை குத்தியதுபோல் சுத்தமாக.

"யார் கடிச்சதுன்னு பேரை மட்டும் சொல்லுங்க பென். வெயில் காலம் வருது. இந்த ஒத்தை ஃபேன்ல பிள்ளைங்க வெந்து போயிடும்."

"கடிபட்ட பிள்ளைக்கு மருந்து போட்டாச்சு. கடிச்ச பிள்ளைகிட்ட பேசியாச்சு. பேரு மட்டும் கிடைக்காது பாய்."

போன வருடம் பக்கத்துத் தெருப் பள்ளியில் இப்படி ஒரு பெயர் வெளியே போனது. ஒரே வாரத்தில் அந்தப் பையனுக்கு நாய்க்குட்டி என்று பட்டம். அடுத்த வாரம் அவன் பள்ளிக்கே வரவில்லை.

"ரெண்டு ஏசி."

மனைவி பால்குனி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்களேன். சின்னப் பிள்ளைங்கதானே."

விடுவதாவது! கடைக்கு வந்தவர் வாய் திறக்கும் முன்பே, கண்ணைப் பார்த்து எந்தப் புடவை போகும் என்று சொல்லிவிடுகிற ஆள். சுவரில் ஒட்டியிருந்த பிறந்தநாள் பட்டியலிலிருந்து, புடவையைப் பிரித்துப் போடுவதுபோல் ஒவ்வொரு பெயராக எடுத்துப் போட்டார்.

"ஹேத்... மௌலிக்..."

கண் மட்டும் உஷ்மாபென்னின் கண்மேல்.

மூன்றாவது பெயர் விழுவதற்குள், உஷ்மாபென் மேசையிலிருந்த காகிதக் குரங்கு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிற்பகல் பாட்டுக்காக ஒட்டிக் காயவைத்தது. கண்ணுக்கு இன்னும் ஓட்டை வெட்டவில்லை.

ஜீல் கைதட்டினாள்.

பதினெட்டாவது பெயர் வரைக்கும் தன்சுக்பாய் பிரித்துப் போட்டார். குரங்கு ஒன்றையும் எடுக்கவில்லை.

சில்லறையில் போகாததை மொத்தமாகத் தள்ளுவது அவருக்குப் பழக்கம். கடைத் தாள் ஒன்றை எடுத்து, உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: 'கடிக்கும் குழந்தைக்கு இப்பள்ளியில் இடமில்லை.'

"பேரே வேணாம். இதை விதியா போடுங்க. இல்லேன்னா டிரஸ்டிகிட்ட போறேன். நாளைக்கு இந்த நாற்காலியில வேற பென் உக்காந்திருப்பாங்க."

குரங்கு கேட்டது: "கடிச்சது எந்தப் பிள்ளையா இருந்தாலுமா?"

"ராஜா வீட்டுப் பிள்ளையா இருந்தாலும்!"

கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளில் வைத்தார். பால்குனி பேனாவோடு சேர்த்து அவர் கையைப் பிடித்தாள்.

"போடாதீங்க." குரங்கின் பக்கம் திரும்பினாள். "காட்டிடுங்க பென்."

உஷ்மாபென் முகமூடியைக் கழற்றினார். பதிவேட்டில் மற்றப் பிள்ளைகளின் பக்கங்களை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிவிட்டு, ஒரே ஒரு பக்கத்தை அவர் முன் திருப்பி வைத்தார்.

மேலே ஜீலின் பெயர். கீழே ஜூன் மாதத்திலிருந்து தேதிவாரியாகப் பதினோரு வரி. யாரைக் கடித்தாள் என்ற இடத்திலெல்லாம் 'வேறு குழந்தை'. வரிக்கு வரி பால்குனியின் கையெழுத்து.

தன்சுக்பாய் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த அகரவரிசை அட்டையை இன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண் பிறந்தநாள் பட்டியலுக்குப் போனது. நாலாவது பெயர், அவருடைய ஆகப் பெரிய வாடிக்கையாளரின் பேரன். அந்தப் பதினோரு வரியில் அவனும் இருக்கலாம்.

கடைத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டார். குரல் பாதி விலைக்கு இறங்கியது.

"இது வெளியே போகாம இருக்க... என்ன ஆகும் பென்?"

"ஒண்ணும் ஆகாது பாய். பதினோரு வீட்டுலேருந்தும் வந்து பேரு கேட்டுட்டாங்க. எல்லாருக்கும் இதே பதில்தான்."

சொல்லிக்கொண்டே பன்னிரண்டாவது வரியாக, 'ஜீலைக் கடித்தது: வேறு குழந்தை' என்று எழுதி நீட்டினார். தன்சுக்பாய், பேரம் பேசாமல், கையெழுத்துப் போட்டார்.

ஜீல் கொடுத்தது பதினொன்று. வாங்கியது ஒன்று. நிலுவை பத்து.