அரை வரி முந்தி

"பெஞ்சை எடுத்தாச்சு. இனி சொர்ணம் அக்காவையும் எடுத்துட்டா நிம்மதி," என்றான் கோகுல்நாத்.

பாடகர் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது.

பட்டாபிராம் சர்ச்சில் தரையோடு போல்ட் போட்டிருந்த பழைய பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு, நாற்காலி வாங்கியிருந்தார்கள். ஆராதனை, ஜெபக் கூட்டம், பிள்ளைகள் வகுப்பு, எதற்கு எப்படி வேண்டுமோ அப்படிப் போட்டுக்கொள்ளலாம். பாஸ்டரின் ரொம்ப நாள் ஆசை.

பாடகர் குழுவின் ஆசை வேறு. முதல் பெஞ்சிலிருந்து சொர்ணம் கிளம்ப வேண்டும்.

சொர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் கேன்டீன் நடத்துகிறவள். மிஷின் சத்தத்தை மீறி "ரெண்டு தோசை" என்று கூவிப் பழகிய குரல். அதே குரலில்தான் பாட்டும். அதுவும் எல்லோருக்கும் அரை வரி முந்தி! அவளுக்குப் பின் பெஞ்சில் குழு ஒரு வரியை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த வரிக்குத் தாவியிருப்பாள்.

"எனக்குத்தான் எல்லாப் பாட்டும் தெரியும்னு காட்டிக்கணும். வேற என்ன?" என்றாள் குழுவில் பாடும் சௌம்யா.

முதல் ஞாயிறு, நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுக் குழு ஓர் ஓரமாக ஒதுங்கியது. பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளோடு வந்த சொர்ணம், சுற்றிலும் பார்த்தாள். ரெண்டு நாற்காலியைத் தூக்கிவந்து, ஸ்பீக்கரை ஒட்டி, குழுவுக்கு நேர் முன்னால் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு குழு கடைசி வரிசைக்கு ஓடியது. ஸ்பீக்கரும் கூடவே போனதால், ரெண்டு நாற்காலியும் பின்னாலேயே வந்தன.

"நாற்காலிக்குச் சக்கரம் இல்லடா. அக்கா கால்லதான் இருக்கு!" என்று கிசுகிசுத்தான் கோகுல்நாத்.

ஜெபம் முடிகிறவரை குழுவில் ஒருவராலும் தலை நிமிர முடியவில்லை. அவ்வளவு சிரிப்பு.

"இது சரிப்படாது. யாராச்சும் நேராவே சொல்லிடணும். 'அக்கா, சத்தம் வேணாம், வாயை மட்டும் அசைங்க'ன்னு."

சீட்டுக் குலுக்கினார்கள். சௌம்யா மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு பாஸ்டர், "இன்னிக்கு முழு வட்டமா போடுங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம்," என்றார்.

ஒரே கலகலப்பு. வழக்கமாகப் பின்னால் தூங்குகிறவர்களுக்குப் பின்னாலே இல்லாமல் போய்விட்டது. முகத்தைத் திடீரென்று எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சௌம்யாவுக்கு நேர் எதிரே சொர்ணம். இத்தனை நாளும் குழு பார்த்தது அவளுடைய கொண்டையை மட்டும்தான்.

பாட்டு ஆரம்பித்தது. சொர்ணம் வழக்கம்போல அரை வரி முந்தினாள். சௌம்யா பல்லைக் கடித்தாள்.

அப்புறம்தான் பார்த்தாள். சொர்ணம் வேம்புலியம்மாள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, வாயைப் பெரிதாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். வேம்புலியம்மாளுக்குக் காது மந்தம். படிக்கவும் தெரியாது. சொர்ணத்தின் உதட்டையே பார்த்திருந்து, அந்த வரியை அப்படியே வாங்கி, எல்லோரோடும் சரியாகச் சேர்ந்து பாடினாள். முகமெல்லாம் சிரிப்பு.

சௌம்யாவுக்குத் தன் வரி மறந்துபோனது.

ஆராதனை முடிந்ததும் கோகுல்நாத் கண்ணைக் காட்டினான். சௌம்யா தயங்கித் தயங்கி எதிர்ப்பக்கம் போனாள். "அக்கா... அது வந்து..."

வேம்புலியம்மாள் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். ரகசியம் என்று நினைத்துச் சத்தமாகவே சொன்னாள்:

"இன்னா கண்ணு, சொர்ணத்தைத் திட்ட வந்தியா? பாவம், உட்டுடு. அதுக்குத் தனியா பாட பயமாம். 'கூட நின்னு பாடு ஆயா'ன்னு ஊட்டாண்ட வந்து கெஞ்சிச்சு. அதான் நான் வந்துகினு கீறேன். இன்னும் அதுக்குத் தாளம்தான் வரமாட்டேங்குது!"

சொர்ணம், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சியபடி, சௌம்யாவிடம் தலையாட்டினாள்.

"ஆமா சௌம்யா. ஆயா இல்லன்னா எனக்குப் பாட்டே வராது."