தப்பு

ரப்பர் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் கார்த்திகேசு துண்டை ஆட்டியதும் நான் கல்யாண அடி அடிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நவமணி ஓடி வந்தாள். அவள் மகள் கங்கா பெரியமனுஷியாகி இன்றைக்குச் சடங்கு. தாய்க்காரியின் முகமோ பேயறைந்தது போல இருந்தது.

“சன்னாசிண்ணே, சாவு மோளம் அடிங்கண்ணே. உங்க கால்ல விழுறேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் தம்பி வீரன் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்ட மாதமே காட்டுக்குள் போய்விட்டான். மூன்று வருஷமாகப் போலீஸ் தேடுகிறது. கண்ட இடத்தில் சுடலாம் என்று உத்தரவு.

ஐந்து பேர் கூடி நின்றாலே பிடித்து விசாரிக்கிற காலம் இது. இந்தச் சடங்குக்கு மட்டும் நூறு பேருக்குப் பெர்மிட் கொடுத்தார்கள். பங்கீட்டுக்கு மேலே இரண்டு மூட்டை அரிசியும் வந்தது. கூத்தும் கும்மாளமுமாக நடக்கட்டும் என்று போலீஸ் அதிகாரியே மண்டோரிடம் சொல்லி அனுப்பினாராம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

நாங்கள் மடையர்கள். ஒரு வாரமாகக் குழாயடியில் இதே பேச்சு. பெண்களுக்குக் கும்மி, வாலிபர்களுக்கு உறியடி, பல் போன ஆண்களுக்குத் தேங்காய் துருவும் போட்டி. ஆளுக்கொரு யோசனை சொன்னோம். மாமனைக் கேலி செய்யும் பாட்டுக்கு இரண்டு வரி நானே கட்டிக் கொடுத்தேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அந்தச் சிரிப்பில் நவமணியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

தாய்மாமன் மாலை போடாமல் சடங்கு ஏது? ஈஜோக் பக்கம் மூன்று தோட்டத்துக்கும் மண்டோர் சொல்லிவிட்டார். காட்டுக்குச் சேதி போகாமலா இருக்கும்? சடங்கே வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

பந்தலை எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் முன்பின் தெரியாத ஆறு பேர். புது வேட்டி கட்டியிருந்தார்கள். பூட்ஸுக்குள்ளேயே கிடந்து வெளுத்த பாதங்கள். எப்போதும் பூட்டிக் கிடக்கும் முள்வேலிக் கேட்டு அகலத் திறந்திருந்தது.

சாவு விழுந்தால் சடங்கு நின்றுபோகும். சடங்கு நின்றுவிட்டது என்று தெரிந்தால் வீரன் வரமாட்டான். தப்புச் சத்தம் காடு வரைக்கும் கேட்கும். போலீசுக்கு எல்லா அடியும் ஒன்றுதான். இதுதான் நவமணி போட்ட திட்டம். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மண்டோர் துண்டை ஆட்டினார்.

சாவு அடியை எடுத்தேன்.

கும்மிக்கு வட்டம் கட்டிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மணையில் இருந்த கங்கா அழ ஆரம்பித்தாள். கும்மிக்கு நின்ற சின்னத்தாய் மண்ணை வாரித் தூற்றி என் குலத்தையே சபித்தாள். மண்டோர் அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு வந்தார். அந்த ஆறு பேர் மட்டும் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நவமணி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னும் பலமாக அடித்தேன்.

அப்போதுதான் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒருவன் ஓடி வருவது தெரிந்தது. இரண்டு கைகளும் தலையில். முன்னே பின்னே பார்க்கவில்லை.

நல்லதுக்கு அழைத்தால்தான் போவோம். சாவுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள். காதில் விழுந்ததும் ஓட வேண்டியதுதான். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாமல் போயிற்று. பாவி நான்!

ஆறு பேரும் எழுந்தார்கள்.

வீரன் கேட்டுக்குள் வந்து நின்றான். பந்தலைப் பார்த்தான், அலங்காரத்தோடு இருந்த கங்காவைப் பார்த்தான். பிறகு நவமணியைப் பார்த்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“சடங்குக்கு வரக்கூடாதுன்னுதான்க்கா இருந்தேன். யாருக்கா செத்தது?”