அண்ணனின் வில்லை

பட்டறையில் ஸ்பேனரை எடுப்பவர், அது தொங்கிய ஆணியில் தம் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். அண்ணனைப் புதைத்தபோது அவருடைய ஸ்பேனரைக் கையில் வைத்தனுப்பிய தம்பி, அப்போதும் மறக்காமல் அண்ணனின் வில்லையை மாட்டினார்.

இப்போது ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மில்லிமீட்டர் ஸ்பேனர், அங்குல ஸ்பேனர் எதுவும் சேரவில்லை. நோயாளி மனைவியை மறுநாள் அதில் கடல் பார்க்கக் கூட்டிப்போவதாகக் காரின் உரிமையாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“அண்ணனோடது பழைய பிரிட்டிஷ் அளவு, அதுதான் சேரும்,” என்றார் தம்பி.

“போய்க் கேளுங்களேன். யாருக்கு அவரு இல்லன்னு சொன்னாரு?” என்று சிரித்தாள் தம்பியின் மனைவி.

காலையில் ஆணியில் அண்ணனின் ஸ்பேனர் தொங்கியது, அவருடைய வில்லையைக் காணோம். தம்பி தம் வில்லையை மாட்டிவிட்டு வேலையை முடித்தார். கார் கடலுக்குப் போனது. மாலையில் ஸ்பேனரைத் துடைத்து, கும்பிட்டு, திரும்ப மாட்டினார்.

மறுநாள் ஸ்பேனர் இல்லை. ஆணியில் அண்ணனின் வில்லை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.