நாற்பத்தோராவது படம்

தண்டையார்பேட்டையில் துறைமுகக் கன்டெய்னர்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் அன்புக்கரசி வேலை பார்த்தாள். அங்கே இருந்த நாற்பத்தொரு மென்பொருள் தொகுப்புகளையும் மானிட்டரே இல்லாத சர்வரில்தான் சோதிப்பார்கள். அதற்காக ஒவ்வொரு தொகுப்பும், கணினியின் நினைவில் மட்டும் இருக்கும் ஒரு பொய்த்திரையைத் தன் பாட்டுக்குச் சுற்றி வளைத்து உருவாக்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து அன்புக்கரசி அதையெல்லாம் ஒரே வரிக் கட்டளையாக்கினாள்.

2004 ஜூலையில் ஒரு நாள், காலை பதினொன்றே காலுக்கு நாற்பத்தொன்றும் தேறின. ஒவ்வொரு சோதனையும் கடைசியில் பொய்த்திரையைப் படமெடுத்து வைத்தது. முதலாளி எபினேசர் எழுந்து வந்து கை கொடுத்து, அரை நாள் லீவும் கொடுத்தார்.

சேதி கேட்டு அம்மா பச்சையம்மா ஒரு மணிக்கு வந்தாள். அந்த அலுவலகத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அன்புக்கரசி காலையிலேயே பதிவாகியிருந்த கடைசிப் படத்தைத் திறந்து காட்டினாள். அதன் கறுப்பு ஓரத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல இரண்டு முகங்கள் தெரிந்தன. ஒன்று அவளுடையது. பின்னால் பச்சைச் சேலையில் அம்மா.

"எப்போ புடிச்ச?"

"நான் புடிக்கலம்மா."

"யாரு புடிச்சா இன்னா? நல்லாத்தான் கீது. ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடு."

பஸ்ஸில் பச்சையம்மா அதைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் நீட்டினாள். "எம்பொண்ணு செஞ்சது."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். "உங்க பக்கத்துல நிக்கிறது நானாச்சே."

அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். படத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.